முகம் தெரிந்த ஊர்

தாண்டிக்குடி
கார்த்திகை, 2025

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குச் சம்பந்தம் கூடிவந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, அன்று சாயங்காலமே முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். கல்யாண விஷயமாக நீ கேட்டதற்குப் பிறகு வருகிறேன். "இன்னமும் அந்தக் காலம் அந்தக் காலம் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறாயா? அந்தக் காலத்தில் அப்படி என்னதான் இருந்தது?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இனியும் பேசுவேன்.

ஊர் நிலவரம் பெரிதாக ஒன்றும் இல்லை. காப்பிப் பழம் எடுப்பு தொடங்கிவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்வதால் களத்தில் காயப்போட முடியவில்லை, காய்த்துளைப்பான் பூச்சியும் போன வருஷத்தைவிடக் கூடுதல். மிளகு பரவாயில்லை. விடுமுறை முடிந்து விடுதிக்குப் போகும்போது பை நிறைய அடைத்துக்கொண்டு போவோமே, அந்தக் கமலா ஆரஞ்சு மட்டும் தோட்டத்தில் இல்லை. நோய் வந்து மரம் மரமாகக் காய்ந்துபோயிற்று.

போன மாதம் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். வாத்தியாராக இருந்தவன் என்பதால் தெருவில் பாதிப் பேர் படிவத்தோடு என் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். பழைய பட்டியலில் இருந்த சொந்தக்காரர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர் எல்லாம் எழுத வேண்டும். கீழத்தெருப் பையன் ஒருவன் வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். "உன் தாத்தா பேர் என்னப்பா?" என்று கேட்டேன். செல்லை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். அந்த அம்மாவுக்கு மாமனார் பெயரை வாயால் சொல்ல வரவில்லை. "பழனி மலை மேல நிக்கிறாரே, அவரு பேருதான்" என்றது. பையனுக்குப் புரியவில்லை. நான் "தண்டபாணி" என்று எழுதினேன்.

அந்தத் தண்டபாணியை உனக்கு நினைவிருக்கலாம். குதிரையில் பொதி ஏற்றிப் பட்டிவீரன்பட்டிக்குக் காப்பி இறக்கிக்கொண்டு போவாரே, அவர்தான். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பஞ்சாயத்து பிரசிடெண்ட் முகத்துக்கு நேரே எழுந்து நின்று, "ஓடையில பாலம் போடறேன்னு சொல்லி ரெண்டு மழைக்காலம் போச்சு, பதில் சொல்லு" என்று கேட்பார். பிரசிடெண்டும் பதில் சொல்லியாக வேண்டும். மறுநாள் அதே டீக்கடையில் இவர் முகத்தில் முழிக்க வேண்டுமே. பேரனுக்குத் தாத்தா பெயர் தெரியவில்லை. தான் கொண்டாடும் நடிகருக்கு எந்தப் படம் எந்த வருஷம் வெளிவந்தது என்று மட்டும் வரிசையாகச் சொல்கிறான்.

நான் அந்தக் காலம் என்று சொல்வது இதைத்தான். ஒருவன் செய்த காரியத்துக்குத் தனக்கு முகம் தெரிந்த நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் அப்படி, ஊரில் அப்படி, அரசியலிலும் ஓரளவு அப்படி. இப்போது மூன்றிலுமே அது விட்டுப்போய்விட்டது.

சினிமாக்காரர்கள் அரசியலுக்கு வந்ததால்தான் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு நாமே பழனியிலிருந்து பஸ் ஏறிப்போய் எம்.ஜி.ஆரைப் பார்க்க நின்றவர்கள்தானே. ஓட்டுப் போட அப்போது 21 வயது ஆகவேண்டும், நமக்கு ஓட்டுக்கூட இல்லை. அவரும் திடீரென்று வந்தவர் இல்லை. 1953இலேயே கட்சியில் சேர்ந்து, கட்சிக்காரனோடு கட்சிக்காரனாக இருந்து, 1977இல்தான் முதலமைச்சர் ஆனார். அவ்வளவு காலம் அவரை எதிர்த்துப் பேசவும் ஏசவும் ஆள் இருந்தது. இன்றைக்குத் தலைவன் வண்டியின் மேல் நிற்கிறான், கீழே இருப்பவன் செல்லைத் தூக்கிப் பிடித்து அவனைப் படம் எடுக்கிறான், அத்தோடு உறவு முடிந்தது. செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில் நெரிசலில் 41 பேர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. எந்தக் கட்சிக் கூட்டம் என்பதை விடு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் அங்கே நின்றது எதைக் கேட்பதற்கு என்று நினைக்கும்போது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது உனக்குத் தெரியாததா? 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. இதில் என் வயிறு எரிவது பணத்துக்காக மட்டும் இல்லை. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிறார்கள். சாமிக்குப் பயப்படும் கிழவியின் பக்தியைப் பிடித்து ஓட்டுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். நான் மரபை மதிக்கிறவன் என்பதாலேயே இதைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் போன ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. தனி அலுவலரை வைத்து ஓட்டுகிறார்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும், வெளியூர்க்காரர். ஆகஸ்ட் 15 கிராமசபைக்குப் போனேன். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரவைத்துக் கூட்டக் கணக்கைச் சரிசெய்தார்கள். தீர்மானம் வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குடிதண்ணீர்த் தொட்டியைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேன். மேலே எழுதிப்போட்டிருக்கிறது என்றார். தண்டபாணியாக இருந்தால் அதோடு விட்டிருக்கமாட்டார்.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. "நீ சொல்லும் ஊர்க்கூட்டத்தில் சேரிக்காரன் உட்கார முடிந்ததா? பெண்கள் பேச முடிந்ததா?" என்று. முடியவில்லை. அது அநியாயம். டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்த முருகனும் கேட்டதில்லை. பழசு என்பதற்காக அதையெல்லாம் மரபு என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களைக் கூட்டிக்கொண்டு போன வைத்தியநாத ஐயர் நாத்திகர் இல்லை, ஆசாரமான குடும்பம். அன்று அவரோடு உள்ளே போனவர்களில் கக்கனும் ஒருவர். கோயில் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, கோயில் எல்லோருக்கும் என்றார்கள். சொந்தக்காரர்களும் ஜாதிக்காரர்களும் ஐயரைத் தள்ளிவைத்தபோதும் அதே ஊரில், அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தார். கக்கன் பிறகு பத்து வருஷம் மந்திரி. வைகை அணை கட்டி முடித்தபோது பொதுப்பணித் துறை அவர் கையில் இருந்தது. கடைசியில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் படுத்திருந்தார், 1981இல் போய்ச் சேர்ந்தார். நான் ஏங்குவது அந்த மாதிரி மனிதர்களுக்கு. ஜாதியை வைத்து மீசை முறுக்குகிறவனுக்கு இல்லை.

பெண்களுக்குச் சொத்தில் பங்கு என்று நம் மாநிலத்தில் 1989இல் சட்டம் வந்தபோது எங்கள் ஊரில் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டிக்கொடுத்த பெண்ணைச் சீர் வைப்பதாகச் சொல்லி வரவழைத்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இன்றும் நடக்கிறது. நானும் தம்பியும் அக்காவுக்கு உரிய பங்கைக் குலசாமி முன்னால் வைத்து அளந்து கொடுத்தோம். ஊரில் சிலர் சிரித்தார்கள். இன்றைக்கும் அக்கா ஆடி நோன்புக்கு இந்த வீட்டுக்குத்தான் வருகிறாள், வாசலில் தயங்கி நிற்காமல் நேராக அடுப்படிக்குப் போகிறாள்.

குடும்பம் என்றதும் ஒரு விஷயம். மேலத்தெருவில் ஒரு அம்மா, பெயர் வேண்டாம். புருஷன் போன பிறகு இரண்டு ஏக்கரையும் வீட்டையும் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். மகன் வீட்டைத் தங்கும் விடுதி ஆக்கினான். சனி, ஞாயிறு ஆனால் மதுரை, சென்னையிலிருந்து ஆட்கள். கூடாரம் போட்டுப் பாட்டுப் போட்டு ராத்திரி முழுக்கக் கூச்சல். அம்மாவுக்குக் காப்பி மூட்டை அடுக்கும் பின்கட்டு. 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்யவும் 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்குக் கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டும் போனேன்.

மகனும் வந்திருந்தான். வெளியே ஒரே பெஞ்சு. இந்த ஓரத்தில் அம்மா, அந்த ஓரத்தில் அவன், நடுவில் நான். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். "காலைல சாப்பிடாமத்தான் கிளம்பியிருப்பான், நீங்க குடுங்க சார்." புளிச்சோற்று வாசனை. வாங்கிக் கொடுத்தேன். அவன் மடியில் வைத்துக்கொண்டானே தவிரப் பிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டபோது அதைக் கையில் பிடித்துக்கொண்டே போனான். மாதாமாதம் பணம் கொடுக்க உத்தரவாயிற்று. கொடுக்கிறான். பேச்சுவார்த்தை இல்லை.

சட்டம் வேண்டும், அந்த அம்மாவுக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் முன்பெல்லாம் இந்தக் காரியத்துக்குத் தாய்மாமன் போதும். வந்து வாசலில் உட்கார்ந்து, "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. விஷயம் முடியாமல் அவரும் எழுந்திருக்கமாட்டார். அவருக்கு அம்மாவையும் தெரியும், பையனையும் தூக்கி வளர்த்தவர். இந்தப் பையனுக்குத் தாய்மாமன் திருப்பூரில் இருக்கிறார். விஷயத்தைக் கேள்விப்பட்டு வாட்ஸ்அப்பில் தாய்ப்பாசம் பற்றி ஒரு படம் அனுப்பினாராம்.

கலை, பொழுதுபோக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். திருவிழாவுக்கு மதுரையிலிருந்து நாடக செட்டு வருமே, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் நடுச்சாமம் தாண்டித் தர்க்கம் பண்ணுவார்களே. நாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருப்போம். இவர் ஒரு கேள்வி கேட்டால் அவள் ஒரு பாட்டில் மடக்குவாள், கிழவர்கள் கீழே இருந்தே "சரியான பதில்!" என்பார்கள். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு யார் சொன்னது நியாயம் என்று மறுநாள் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டே பேசுவோம். படிக்காத ஜனத்துக்கு அதுதான் பள்ளிக்கூடம். இப்போது அந்தப் பணத்தில் ஆடல் பாடல் நிகழ்ச்சி. அதற்கு அனுமதி வாங்க ஹைகோர்ட் மதுரைக் கிளை வரைக்கும் போகிறார்கள். வீட்டிலோ ஆளுக்கொரு செல், ஆளுக்கொரு ரீல்ஸ். ஒரே கூடத்தில் நாலு பேர் நாலு விஷயத்துக்குச் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னமும் கோடை பண்பலை போதும்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்துப் படம் எடுக்கக் கொடைக்கானல் பைன் காட்டில் இடம் ஏற்பாடு செய்ய முடியுமா, ரிசார்ட் என்ன வாடகை என்று கேட்டிருந்தாய். விசாரித்து எழுதுவது எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் செய்யாதே என்பதுதான் என் யோசனை. தாலி ஏறுவதற்கு முன்னால் கட்டிப்பிடித்து நின்று படம் எடுத்து, அதை மண்டபத்தில் திரை கட்டிப் போட்டு, தாத்தா பாட்டி எல்லோரும் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. இது பிள்ளைகள் மேல் குறை இல்லை. அவர்களுக்கு எது அழகு என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தானே, நாம் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். பேத்தியிடம் நீயே உட்கார்ந்து பேசு. உன் மகனை விட்டுப் பேசச் சொல்லாதே. அவள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் காரணத்தையும் முழுக்கக் கேள், கேட்டுவிட்டு எனக்கு எழுது.

முகூர்த்தத்தைப் பழனியில் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் மண்டபம் கிடைக்கும், தை மாதம் பூசக் கூட்டம் இருக்கும் என்பதால் தேதியைச் சீக்கிரம் சொன்னால் பிடித்துவிடலாம். மறுவீட்டு விருந்து இங்கே, எங்கள் வீட்டில். இரு பக்கத்துச் சொந்தமும் களத்தில் பந்தி போட்டுச் சாப்பிடட்டும், யார் யாருக்கு என்ன முறை என்று பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்போம். மலை வாழைப்பழம் ஒரு தார் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நீயும் தங்கச்சியும் நாலு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். வத்தலக்குண்டில் இறங்கிப் பெரும்பாறை வழி பஸ்ஸைப் பிடித்தால் வீட்டுப் பக்கத்திலேயே இறங்கலாம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிவிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று உடனே எழுது.

இப்படிக்கு,
உன் பழைய விடுதி அறைத்தோழன்