ஆச்சிக்கு வந்தது உனக்கும் வருமா?

மீனாம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதபோது எனக்குப் பேச வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எச்சிலை அனுப்பிப் பார்த்த டெஸ்டில், அல்சைமர் என்ற மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 என்ற மரபணு வகை ஒரு பிரதி இருப்பதாக வந்ததும், ஆச்சி மாதிரி ஆகிவிடுவேனா என்று கேட்டாயே.

ஒரு வாரமாகப் படித்தேன் (பழைய விலங்கியல் வாத்தியார் புத்தி). ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் எடுத்த கணக்கு. அது இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் நிறைய, இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய. கொலம்பியாவில் சில குடும்பங்களில் வேறொரு மரபணுக் கோளாறால் நாற்பதுகளிலேயே மறதி வந்துவிடும். அதே கோளாறுள்ள ஒரு பெண் மட்டும் எழுபது வயதுவரை தப்பித்தாள். நீ பயப்படுகிற அதே ஏபிஓஇ மரபணுவில் அவளுக்கு இருந்த அபூர்வமான வேறொரு மாற்றம்தான் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று 2019-ல் எழுதினார்கள். ஆக அந்தப் பெயரைப் பார்த்ததுமே நடுங்காதே.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மைக்ரோகிளியா. மூளைக்கென்றே இருக்கிற நோய் எதிர்ப்பு செல்கள், கரு உருவாகும் காலத்திலேயே உள்ளே போய்க் குடியேறிவிடுகின்றன. அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படியும்போது இவை அதைச் சூழ்ந்து வேலி போடுகின்றன. ட்ரெம்2 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் வேலி சரியாக அமைவதில்லை, நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. 2012-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தன. சரி, இந்த செல்கள் சுறுசுறுப்பாக இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை, நரம்பு இணைப்புகளையே அவை தின்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள், வேலியே பயிரை மேய்ந்த கதை. ஏபிஓஇ4-உம் இந்த செல்களின் போக்கை மாற்றுகிறதாம்.

ஆச்சி கடைசி வருஷம் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் மடியில் மல்லிகையைப் போட்டால், இரண்டிரண்டாக வைத்து நாரில் கட்டிவிடும் அந்தக் கை. அவளுக்குக் காது கேட்காமல் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது, வயசாச்சு என்று விட்டுவிட்டோம். காது கேளாமை, பிரஷர், சுகர் எல்லாமே மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுமாம், அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உன் பிரதி ஆச்சி வழியாக வந்ததென்றால் என்னிடமும் இருக்கும். நான் டெஸ்ட் எடுக்கப் போவதில்லை. நீ முதலில் பிரஷர் பார்த்துக்கொள். நான் காது மிஷின் வாங்கிவிட்டேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் கத்த வேண்டாம்.

அப்பா