ஓடைக்கரைக்கு முள்மூங்கில் வேண்டும்

ஆசிரியருக்கு,

கூடலூரில் எங்கள் ஊர் ஓடைக்கரையில் மஞ்சள் மூங்கில் நட்டிருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அது தென்கிழக்கு ஆசியப் பக்கத்து இனம். இந்தக் கரைக்கு உரியது முள்மூங்கில். சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, நெல்போல விதை உதிர்த்துவிட்டு, புதரோடு காய்ந்துபோகும். அந்த மூங்கில் அரிசியை அம்மா முறத்தில் புடைத்தபோது பறந்த உமி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்புறம், முதுமலையின் வறண்ட சரிவுகளில் கல்மூங்கில் உண்டு. தடியை வெட்டினால் உள்ளே துளையே இல்லாததுபோல் கெட்டியாக இருக்கும். இரண்டும் யானைக்குத் தீனி. கரையில் நட முள்மூங்கில் நாற்றுகளை வனத்துறை கொடுத்தால், தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள நாங்கள் தயார்.

– வாசகர், கூடலூர், நீலகிரி