வசந்திக்கு, ஷூ விஷயமாக

தருமபுரி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தத்தித் தத்தி நடக்கிறான் என்று படித்ததும் அடுப்படியிலிருந்தே இவருக்குக் குரல் கொடுத்துச் சொன்னேன். இங்கே எல்லோரும் சுகம். மாங்காய் சீசன் முடிந்து தோப்பு ஓய்ந்து கிடக்கிறது. பெங்களூரா ரகம் முழுக்க இந்த முறையும் கூழ் ஃபேக்டரிக்குத்தான் போனது. விலையைப் பற்றி எழுதினால் மனசு கெட்டுப்போகும், வேண்டாம். ரமணி அரூரில் வீடு கட்டி முடித்துவிட்டாள். நீ வரும்போது அவள் வீட்டில் ஒரு நாள் தங்கியே ஆக வேண்டுமாம்.

நீ இங்கே வரும்போது நாம் மலையேறப் போவதற்கு லைட் வெயிட் ஹைக்கிங் பூட்ஸ் வாங்கலாமா, சீக்கிரம் பிய்ந்துவிடாதா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்குடி. முதுகில் ஐந்து கிலோ சுமப்பதும் காலில் ஒரு கிலோ சுமப்பதும் ஒன்று என்று மலையேறுகிறவர்கள் சொல்வார்கள். ஆராய்ச்சி செய்து பார்த்தவர்களுக்கும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான் வந்திருக்கிறது. பழைய மாதிரி முழுத்தோல் பூட்ஸ் ஜோடி ஒன்றரைக் கிலோ தாண்டும். இப்போது வருகிற லேசான ஜோடிகளில் பல ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன. நம் வயதில் முழங்காலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆனால் எடையைப் பார்ப்பதற்கு முன்னால் அளவைப் பார். என் நாத்தனார் மகள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். ஷூவைத் தைத்து ஏற்றுகிற அச்சுக்கு அவர்கள் லாஸ்ட் என்பார்கள். பொதுவாகப் பெண்களுக்கு முன்பாதம் இருக்கிற அகலத்துக்குக் குதிகால் ஒடுக்கம். ஆண்கள் லாஸ்ட்டையே சின்னதாக்கித் தைத்து, ரோஸ் கலர் லேஸ் கோத்துப் பெண்கள் ஷூ என்று விற்றால், முன்னால் சரியாக இருக்கும், பின்னால் குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கும். கொப்புளம் அங்கேதான் கிளம்புகிறது. அதனால் பெண்களுக்கென்று தனி லாஸ்ட்டில் செய்ததா என்று கடையில் கேள். சொல்லத் தெரியாமல் விழித்தார்கள் என்றால் உன் குதிகாலை வைத்தே முடிவு பண்ணு.

சாயங்காலமாகப் போ. நடந்து ஓய்ந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் கால் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடப்போகிற சாக்ஸையே எடுத்துப் போ. காட்டன் வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து தோலை ஊறவைக்கும். முதலில் ஷூவுக்குள் இருக்கிற மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஜோடியைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். மெத்தையைத் திரும்ப வைத்து, லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளிப் பார்: குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைப் படிக்கட்டில் இறங்கு. ஏறிப் பார்த்தால் மட்டும் போதாது, இறங்கும்போதுதான் ஷூவின் குணம் தெரியும். ராயக்கோட்டை மலையில் பாறைச் சரிவு நீளம், பெருவிரல் முன்னால் போய் இடித்துக்கொண்டே வந்தால் வீடு திரும்புவதற்குள் நகம் கறுத்துவிடும். லேஸுக்கும் இதில் பங்கு உண்டு. ஏறும்போது கணுக்காலில் தளர்த்தியாக விடு. இறங்கும் முன் குதிகாலை நன்றாகப் பின்னால் தட்டி உட்காரவைத்து, மேல் இரண்டு கொக்கியையும் இறுக்கிக் கட்டு.

இனி உழைப்பு. முழுத்தோல் மாதிரி இது உழைக்காது, அதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். என் ஜோடியை இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சுண்டுவிரல் மடங்குகிற இடத்தில் வலைத்துணி நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. குதிகால் உள்பக்கம் லைனிங் தேய்ந்து உள்ளே இருக்கிற நுரை மஞ்சளாகத் தெரிகிறது. முன்னால் ரப்பர் கவசம் ஏறியிருக்கிற இடம் மட்டும் புதுசு போலவே இருக்கிறது. ஆகவே விரல் முனையில் ரப்பர் ஏறியதாக, அடி சோல் கெட்டி ரப்பராக இருக்கிறதா என்று பார். சில லேசான ஷூக்களில் எடை குறைய வேண்டும் என்று நடுவில் ரப்பரே இல்லாமல் நுரையை அப்படியே தரையில் விட்டிருப்பார்கள். சென்னைப் பூங்காவில் நடக்க அது போதும். நம்மூர் வேலிக்காத்தான் முள் அதற்குள் சர்ரென்று ஏறிவிடும்.

அடி சோலுக்கும் ஷூவின் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கிற நுரையில் இரண்டு வகை. ஈவிஏ லேசு, ஆனால் மிதிபட மிதிபட அமுங்கித் தட்டையாகிவிடும். பியூ கனம் கொஞ்சம் அதிகம், உழைக்கும். ஆனால் வருஷக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் காற்றின் ஈரத்திலேயே உளுத்து, ஒரு நாள் எடுத்துப் போட்டதும் பொலபொலவென்று உதிரும். பழைய ஸ்டாக் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஆசைப்படாதே. வாட்டர்ப்ரூஃப் கேட்டு அதிகப் பணமும் கொடுக்காதே. தருமபுரி வெயிலில் கால் உள்ளேயே வெந்துவிடும், மேல்வழியாகத் தண்ணீர் இறங்கினால் காயவும் காயாது. நனைந்தால் மெத்தையை வெளியே எடுத்து, உள்ளே நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்து நிழலில் வை. வெயிலிலோ கார் டிக்கியிலோ விட்டால் பேஸ்ட்டிங் விட்டுவிடும். விளிம்பு வாய் பிளக்க ஆரம்பித்ததுமே தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போட்டு வாங்கிவிடு. எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் மெழுகு நூலில் தைத்துத் தந்தார், ஒட்டு விட்டும் தையல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாங்கியதும் பில்லைப் பத்திரப்படுத்து. சில நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நட, அடி அழுக்காகாமல் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். மலைக்கு வரும்போது பேப்பர் டேப் ஒரு ரோல் வைத்துக்கொள். எங்காவது சூடாக உரசுகிறது என்று தோன்றினால் அங்கேயே உட்கார்ந்து ஒட்டிவிடலாம், கொப்புளம் வரும்வரை பொறுக்க வேண்டாம்.

முதல் நாள் தீர்த்தமலை. அங்கே படிதான், செருப்பே போதும். மறுநாள் ராயக்கோட்டை, பிறகு வத்தல்மலை என்று வைத்துக்கொள்வோம். ரமணியும் வருகிறாளாம். அவளுக்குப் பெருவிரல் பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, இங்கே எந்தக் கடையிலும் அகலம் போதவில்லை. சென்னையில் அகலப் பாதத்துக்கென்று தனியாக வருகிற ஜோடி கிடைத்தால் பார்த்து எழுது. வெள்ளைத் தாளில் அவள் பாதத்தை வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். நின்றபடி வரைந்தது, சாயங்காலம் எடுத்தது.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி