சங்குத்துறையில் கம்பா பிடிக்க விட்டவர்களுக்கு நன்றி

சங்குத்துறை கடற்கரையில் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) போடும் அண்ணன்மாருக்கும், பாட்டாவுக்கும், சாயாக்கடை மைனிக்கும் வணக்கம். பெயர் போட்டு எதுவும் எழுதக்கூடாது என்று பாட்டா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். படித்தால் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தச் சித்ரா பௌர்ணமிக்கு நாங்கள் கிளம்பியது வேறு காட்சிக்காக. மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறுவதைப் பார்க்கத்தான் கன்னியாகுமரிக்குப் போனோம். நாகர்கோவிலில் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு ஊர். துபாய்க்காரனுக்கு லீவு கிடைத்தது, பெங்களூர்க்காரனுக்கு ரயில் டிக்கெட்டும் கிடைத்தது, வானம் மட்டும் ஒத்துவரவில்லை. நிற்க இடமில்லாத கூட்டம், தலைக்கு மேலே முழுக்க மேகம். சூரியனும் இல்லை, நிலாவும் இல்லை. நாகர்கோவில் வடசேரிக்குத் திரும்பிப் புரோட்டா சாப்பிட்டோம். வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வரவில்லை. அப்புறம்தான் உங்கள் மணலில் வந்து உட்கார்ந்தோம்.

நள்ளிரவு தாண்டி மேகம் விலகியபோது நிலா உச்சிக்கு வந்திருந்தது. சரி, இதாவது கிடைத்ததே என்று பழங்கதை பேசிக்கொண்டிருந்தோம். விடியப்போகும் நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். வலையை இழுக்கும் கயிறான கம்பாவின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் வலையை இறக்கிக்கொண்டே அரைவட்டம் அடித்து, தூரத்தில் மறுமுனையோடு கரையேறியது. இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். ஊரில் அன்று ஒரு கல்யாணம் என்பதால் எங்கள் பக்கத்து முனையில் ஆள் குறைவு. பாட்டா எங்களைப் பார்த்து, "என்னடே, வேடிக்கை பாக்கவா வந்திய? வந்து பிடிங்க மக்கா" என்றார்.

பாட்டா, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முதல் நன்றி. இந்தக் கடற்கரைக்குச் சின்ன வயதிலிருந்தே வந்திருக்கிறோம். யாரும் எங்களைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்ததில்லை.

கரமடி வலிப்பது, அதாவது இழுப்பது, வெறும் கைவேலை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கயிற்றில் இடுப்பைக் கொடுத்து, குதிகாலை மணலில் புதைத்து, பின்னாலேயே நடக்க வேண்டும். வலிக்க வலிக்க இரண்டு முனைக்காரர்களும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்துகொண்டே வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலும் வலை கோணிக்கொள்ளும். தினமும் ஜிம்முக்குப் போகிற பெங்களூர்க்காரன்தான் முதலில் உட்கார்ந்தான் (இதை எழுதக்கூடாது என்று கெஞ்சினான்). என் உள்ளங்கை தோல் உரிந்ததைப் பார்த்து, கேட்காமலே தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றிவிட்ட நீலச்சட்டை அண்ணனுக்கு நன்றி. அந்தக் கட்டு எப்படிப் போடுவது என்று இன்னமும் பிடிபடவில்லை.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு வலையில் மீன் சேரும் மடி கரையை நெருங்கியது. பாரம் தாங்கவில்லை. முழுக்க நெத்தோலி, இடையிடையே சாளையும் வாளையும், கைநீளத்துக்குச் சில பாறைமீன்கள். கொஞ்ச நாளாகவே மடியில் குப்பைதான் வந்துகொண்டிருந்தது என்று அப்புறம்தான் சொன்னீர்கள். ஏலத்திலும் நல்ல விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடந்தன. அந்தப் பக்கத்து வியாபாரிகளும் வந்து விலையை ஏற்றிவிட்டார்கள்.

"நல்ல கால் வச்சிய" என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் காலுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? வெளுத்தும் வெளுக்காத அந்த நேரத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வலையை இங்கே இறக்கு என்று வள்ளத்துக்குக் கை காட்டியவர் ஒருவர் நின்றிருந்தாரே, அது அவர் கண். அதிர்ஷ்டம் எங்களுக்குத்தான் அடித்தது. அன்று அந்தக் கல்யாணம் இல்லையென்றால் நாங்கள் மணலைத் தட்டிவிட்டு எழுந்து போயிருப்போம்.

வலித்தவர்களுக்கு உண்டான பங்கு என்று எங்களுக்கும் மீன் அள்ளி வைத்தீர்கள். பணம் கொடுக்கப்போன துபாய்க்காரனுக்கு விழுந்த திட்டு அவனுக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

கடைசியாக மைனி. இத்தனை நெத்தோலியை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்ற எங்களைக் கடைத் திண்ணையில் உட்காரவைத்து, மாங்காயும் தேங்காய் அரைப்பும் போட்டு அவியல் வைத்து, மரச்சீனிக்கிழங்கோடு கொடுத்தீர்கள். கடைக்குக் காலையில் எத்தனை பேர் வந்து சாயா கிடைக்காமல் திரும்பினார்களோ தெரியாது. துபாய்க்காரன் போகும்வரை வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

மிச்ச அவியலை நீங்கள் ஊற்றிக் கொடுத்த தூக்குச்சட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கடலுக்குப் போகமாட்டீர்கள் என்பதால் வரும் சனிக்கிழமை விடியற்காலையிலேயே கொண்டுவருகிறேன். சட்டியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அம்மா முந்திரிக்கொத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். அண்ணன்மாருக்கும் சேர்த்துத்தான், மைனி. பாட்டாவுக்குப் பல் கடிக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.