தீரு பட்டணம் மீண்டும் கட்டப்படவே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஏற்பாட்டின் நியாயத்தீர்ப்புத் தீர்க்கதரிசனங்கள் வரலாற்றில் நிறைவேறிய விதம் குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, இன்றைய லெபனான் கடற்கரையிலுள்ள தீரு பட்டணத்தையே தன் தலைமைச் சான்றாக முன்வைத்திருந்தது. தீரு அழிக்கப்படும், இனிக் கட்டப்படாது என்று சொல்லும் எசேக்கியேல் 26ஆம் அதிகாரம் எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டது என்றும், அந்நகரம் இன்றளவும் மீனவர்கள் வலை விரிக்கும் வெறும் பாறையாகவே கிடக்கிறது என்றும் அக்கட்டுரை முடிகிறது. விவிலியத்தை நாள்தோறும் வாசிக்கும் ஒரு விசுவாசி என்ற முறையிலேயே இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

கட்டுரையாளர் சொல்லும் நிகழ்ச்சிகளில் பல உண்மைதான். எருசலேம் வீழ்ந்த சிறிது காலத்தில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் தீருவை முற்றுகையிட்டான். அம்முற்றுகை 13 ஆண்டுகள் நீடித்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். பின்னர் கி.மு. 332இல் அலெக்சாந்தர் வந்து, கரையிலிருந்த பழைய ஊரின் இடிபாடுகளைக் கடலில் கொட்டித் தீவுக்கு ஒரு பாதை அமைத்து, ஏழு மாதப் போராட்டத்திற்குப் பின் நகரைப் பிடித்தார். கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடலில் போடுவார்கள் என்ற 12ஆம் வசனத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும் வியப்பு எழுவது இயல்பே.

ஆனால் அந்த அதிகாரத்தின் 7 முதல் 11 வரையுள்ள வசனங்கள் நேபுகாத்நேச்சாரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அவனுடைய குதிரைகள் கிளப்பும் புழுதி நகரை மூடும், அவன் வாசல்களுக்குள் நுழைவான், குதிரைக் குளம்புகள் தெருக்களை எல்லாம் மிதிக்கும் என்பது அங்குள்ள வருணனை. தீருவோ கடல் சூழ்ந்த தீவில் இருந்தது. எசேக்கியேலே அதைச் சமுத்திரத்தின் நடுவே இருக்கும் நகரம் என்றுதான் வருணிக்கிறார். அங்கே பாபிலோனியக் குதிரைகள் ஓடியதாக எந்தச் சான்றும் இல்லை. நீண்ட முற்றுகையின் முடிவில் நகரம் பாபிலோனின் மேலாட்சியை ஏற்றுக்கொண்டதே தவிர, சூறையாடப்படவில்லை.

இதை நான் வெளியிலிருந்து கொண்டுவரும் ஆதாரத்தால் சொல்லவில்லை. எசேக்கியேலின் நூலே சொல்கிறது. 26ஆம் அதிகாரத்திற்கு ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழித்து, பாபிலோனியச் சிறையிருப்பின் 27ஆம் ஆண்டில் உரைக்கப்பட்டதாகத் தேதியிடப்பட்ட ஒரு பகுதி 29ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனத்தில் தொடங்குகிறது. நேபுகாத்நேச்சார் தன் படையைத் தீருவுக்கு எதிராகக் கடுமையாக உழைக்க வைத்தான், ஒவ்வொரு தலையும் மொட்டையாயிற்று, ஒவ்வொரு தோளின் தோலும் உரிந்துபோயிற்று, ஆயினும் அவனுக்கோ அவன் சேனைக்கோ அதற்கான கூலி கிடைக்கவில்லை, ஆகவே எகிப்து அவனுக்குக் கூலியாகக் கொடுக்கப்படும் என்கிறது அப்பகுதி. தோல் உரிந்த தோள்களையும் வெறுங்கையோடு திரும்பிய படையையும் இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்திருக்கும் ஒரு நூலுக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ணிக்கொண்டு, அந்தப் பதிவையே வாசகர் கண்ணில் படாமல் விட்டுவிடுவது என்ன நியாயம்?

26ஆம் அதிகாரத்தின் 3ஆம் வசனம் 'அநேகம் ஜாதிகள்' என்று சொல்வதால் அலெக்சாந்தரும் அதில் அடங்குவார் என்று வாதிடலாம், வாதிடுபவர்களும் உண்டு. அப்படி எடுத்துக்கொண்டாலும் 'இனிக் கட்டப்படாய்' என்ற வாக்கு அப்படியே நிற்கிறது. அலெக்சாந்தர் 30,000 பேரை அடிமைகளாக விற்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதுகிறார். ஆனால் அதன்பின் 20 ஆண்டுகள் கழிவதற்குள், அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான அந்திகோனஸ் இதே நகரைப் பிடிக்க ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையிட வேண்டியிருந்தது. வெறும் பாறையை யாரும் ஓராண்டு முற்றுகையிட மாட்டார்கள். அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தில் பவுல் அங்கே கப்பலிலிருந்து இறங்கிச் சீடர்களோடு ஏழு நாள் தங்குகிறார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு எழுப்பப்பட்ட பேராலயத்தின் அர்ப்பணிப்பு விழாவில் செசரியாவின் ஆயர் யூசேபியஸ் ஆற்றிய உரை அவருடைய திருச்சபை வரலாற்றிலேயே இருக்கிறது. சிலுவைப் போர்வீரர்கள் 1124இல் அந்நகரைக் கைப்பற்றி, 1291 வரை வைத்திருந்தார்கள். போதாதென்று, ஏசாயா 23ஆம் அதிகாரம், 70 ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்தபின் தீரு மீண்டும் தன் வணிகத்திற்குத் திரும்பும் என்று சொல்கிறது. இதைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை.

எல்லாத் தீர்க்கதரிசனங்களும் இப்படித்தான் என்பது என் வாதமன்று. அசீரியத் தலைநகர் நினிவேயின் அழிவைத் தீர்க்கதரிசி நாகூம் பாடியது வீண்போகவில்லை, கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் அதை வீழ்த்தியதைப் பாபிலோனிய நாளாகமக் களிமண் பலகை ஒன்று உறுதிசெய்கிறது. கி.மு. 401இல் அவ்வழியே படையோடு சென்ற கிரேக்கர் செனபோன், ஆளில்லாத அந்த மாபெரும் மதில்களைக் கண்டும், அது நினிவே என்பதை அறியாமலேயே கடந்துபோனார். கட்டுரையாளர் இதை முதன்மைச் சான்றாக எடுத்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

என் அடிப்படையான வருத்தம் வேறு. நிறைவேறியதா இல்லையா என்று மதிப்பெண் போடும் இந்த முறை, தீர்க்கதரிசிகள் தங்கள் வார்த்தையைப் புரிந்துகொண்ட முறைக்கே மாறானது. சீயோன் வயலைப்போல உழப்படும், எருசலேம் மண்மேடாகும் என்று மீகா எசேக்கியா மன்னன் காலத்தில் முழங்கினார். அது அப்போது நடக்கவில்லை. ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்குப் பின், ஆலயத்திற்கு எதிராகப் பேசிய எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூச்சலிட்டபோது, நாட்டின் மூப்பர்கள் எழுந்து இதே மீகாவின் சொற்களை எடுத்துக்காட்டி, எசேக்கியா அவரைக் கொன்றானா, கர்த்தருக்குப் பயந்து மன்றாடவில்லையா, கர்த்தரும் தாம் சொன்ன தீங்கைச் செய்யாமல் மனம் மாறவில்லையா என்று கேட்டார்கள். பலிக்காத ஒரு வாக்கு அங்கே பொய் வாக்காகக் கருதப்படவில்லை. அது பலிக்காமல் போனதே அதன் வெற்றியாகக் கருதப்பட்டது, எரேமியாவின் உயிர் தப்பவும் அது துணைநின்றது. ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று சொன்ன பின்பும், அது தன் தீங்கை விட்டுத் திரும்பினால் தாமும் மனம் மாறுவதாகக் கர்த்தர் சொல்வது எரேமியா 18ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது.

இறுதியாக, ஆசிரியர் அவர்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தீரு இன்று சூர் என்ற பெயரில் தெற்கு லெபனானில் மக்கள் நெருக்கமாக வாழும் துறைமுக நகரம். அலெக்சாந்தரின் பாதையின் இருபுறமும் மணல் சேர்ந்து அகன்று, தீவு கரையோடு இணைந்துவிட்டது. அந்த மணல் நிலத்தின் மீதும் இன்று வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன. அந்நகரின் தொல்லிடங்களை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2024 அக்டோபரில் இஸ்ரேலிய வான்தாக்குதலுக்கு முன் வீடுகளைவிட்டு வெளியேறும்படி எச்சரிக்கப்பட்டவர்கள் அங்கே உயிரோடு வாழும் மனிதர்கள். அப்படிப்பட்ட ஊரை ஆளற்ற பாறை என்று அச்சிட்டது தகவல் பிழை. அதற்கான திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறும், இத்தொடரில் எகிப்து, பாபிலோன் பற்றிய கட்டுரைகள் வரவிருப்பின் அவற்றை வரலாற்றுத் துறையினர் ஒருவரிடம் காட்டிய பிறகு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.