பாப்பாவுக்கு

பாப்பா,

நல்லா இருக்கியாம்மா. நீல டிக் வருது, பதில் வரல, வேலை இருக்கும். புனேல குளிர் ஜாஸ்தின்னு அம்மா சொன்னா, ஸ்வெட்டர் போட்டுக்கோ. வீட்டு அக்ரிமெண்ட் புதுசா போடப்போறியாமே, முழுசா படிச்சுட்டு கையெழுத்து போடு.

நேத்து நம்ம தெரு பக்கம் போனேன். போகக்கூடாதுன்னுதான் இருந்தேன், கால் போயிடுச்சு. மனை காலியா கிடக்கு, ஜல்லி கொட்டிருக்காங்க. பக்கத்து வீட்டு சுவத்துல நம்ம மாடிப்படி ஏறின தடம் சாய்வா அப்படியே தெரியுது, ஆயா விளக்கு வச்ச மாடம் பாதி மிச்சம், உள்ள எண்ணெக்கரி இன்னும் போகல.

காலேஜ் ப்ராஜெக்டுக்கு நீ அந்த வீட்டை அளந்தப்போ டேப்போட ஒரு முனைய நான்தான் புடிச்சேன், ஞாபகம் இருக்கா? நீ எழுதினதை படிச்சுதான் எனக்கே விஷயம் புரிஞ்சுது. 1856ல ராயபுரத்துலேந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டாங்க, தெற்குலயே மொத பாசஞ்சர் லைன் நம்ம ஊருக்குன்னு தாத்தா மார்தட்டுவாரு, ஆனா ஸ்டேஷன் ஊருக்கு வெளிய, அப்புறம் லைன் மேல மேல நீண்டுச்சு, நம்மகிட்ட இறங்கி வண்டி மாறின சரக்கெல்லாம் இங்க நிக்காமலே போயிடுச்சு. 1866ல முனிசிபாலிடி பட்டம் கிடைச்சுது, நம்ம கிடங்குல மூட்டை இல்ல. அதுக்கப்புறம் கல்யாணத்துக்கு ஒண்ணுன்னு வித்து வித்துதான் அந்த வீடு நின்னுச்சு, பெரிய அத்தை கல்யாணத்துக்கு போன அண்டா உனக்கே தெரியும். எவ்ளோ அழகா எழுதிருந்த, இப்பவும் வச்சிருக்கேன்.

ஆனா சித்தப்பாகிட்ட நீ பேசாம இருக்கறது சரியில்ல. பொங்கலுக்குக் கூட ஒரு வார்த்தை பேசல, அவன் சாப்பிடாம எழுந்து போயிட்டான். பெரியவங்ககிட்ட அப்படி இருக்கலாமா? அக்ரிமெண்ட்டை படிக்காம கையெழுத்து போடாத, திரும்ப சொல்றேன்.

வீட்டை விக்கச் சொல்லி அவன் கட்டாயப்படுத்தினான்னு உன்கிட்ட சொன்னது பொய்மா. மொத கையெழுத்து என்னுது, அட்வான்ஸ் வாங்கினதும் நான்தான். அவன் ரெண்டு மாசம் வேணாம் வேணாம்னுதான் சொன்னான். கடன் இருந்துச்சு, ஆனா கடனுக்காக மட்டும் விக்கல, மழைக்கு மழை குண்டான் வச்சு ஒழுகல் புடிச்சு புடிச்சு எனக்கு அந்த வீடே அலுத்துப் போச்சு. பத்திரத்தை படிக்கவே இல்ல, தூணு கதவு சாமான் எல்லாம் சேத்துதான்னு அதுல இருந்துருக்கு. நீ கேட்ட ஊஞ்சலும் அதோட போயிடுச்சு. உன் முகத்தை பாத்து சொல்ல தைரியம் இல்லாம அவன் மேல போட்டுட்டேன்.

திண்ணைல வண்டி மாடு கட்டற இரும்பு வளையம், சின்னதுல தொங்குவியே, அதை ஜேசிபி டிரைவர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். கடுக்கா போட்டு அரைச்ச பழைய சுண்ணாம்புக்காரை ஒரு கை அளவு அதோடவே வந்துடுச்சு, சுத்தியால தட்டினேன், உதிரல. என் பழைய வேட்டில சுத்தி பீரோல வச்சிருக்கேன், வரும்போது எடுத்துக்கோ.

மொதல்ல சித்தப்பாவுக்கு போன் பண்ணு. எனக்கு அப்புறமா பண்ணாலும் பரவால்ல.

நைனா