ஸதெராத்ஸ்கியின் பியானோ இசை: ஞாயிறு அமர்வு குறித்து

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை அமர்வில், நாம் இதுவரை தொடாத ரஷ்ய இசையமைப்பாளரான வ்செவலத் ஸதெராத்ஸ்கியின் (1891–1953) பிரிலூட் (முன்னிசையாக அமையும் சிறு படைப்பு), ஃபியூக் இணைகளில் இரண்டைப் பியானோவில் வாசிக்க இருக்கிறேன்.

1937இல் கைதாகி, ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள கொலிமா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், 1939இல் விடுதலையாவதற்குள், பியானோ எதுவும் இல்லாமலேயே, தந்திப் படிவங்களிலும் கைக்குக் கிடைத்த தாள்களிலும் பென்சிலால் இத்தகைய 24 இணைகளை எழுதினார். ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று நடத்திச் செல்லும் ஃபியூக்கை, ஒரு கட்டையைக்கூடத் தொட்டுச் சரிபார்க்க வழியின்றி மனத்துக்குள்ளேயே கேட்டு எழுதுவது எத்தகைய உழைப்பு என்பது, இந்தப் பக்கங்களை என் விரல்களுக்குப் பழக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. குறிப்பாக, நடுக்குரல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடங்களில் அதன் ஓட்டம் அறுந்துவிடாமல் காப்பதற்கே பல வாரங்கள் ஆயின.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் புகழ்பெற்ற 24 பிரிலூட், ஃபியூக் தொகுப்பு 1950–51இல்தான் எழுதப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தைய ஸதெராத்ஸ்கியின் தொகுப்போ, முழுமையாக மேடையேற 2014 வரை, மாஸ்கோவில், காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இசையை முகாமின் கதைக்காக மட்டும் கேட்காமல், அதன் கட்டுக்கோப்புக்காகவும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இசைக்குறிப்பைப் பார்த்தபடி கேட்க விரும்புவோர் சனிக்கிழமைக்குள் இங்கே தெரிவித்தால், என் பிரதியைக் கொண்டுவந்து முன்வரிசையில் வைக்கிறேன்.